முதல் கட்டத்தில் நிற்கும் உரிமை யாருக்கு?

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போய் வந்தவர்களுக்கு அந்த ஊரின் குணம் தெரியும். காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். பகல் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மலையிலிருந்து மூட்டம் இறங்கிவிடும். மாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி அந்தச் சீசனில்தான் நடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1930-களில் தொடங்கிய பழைய போட்டி அது. தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் ஒடுக்கமான ரோட்டில் ஒவ்வொரு காராக விடுவார்கள். முட்டி மோதப் பக்கத்தில் இன்னொரு கார் கிடையாது. கடிகாரம் ஒன்றுதான் எதிராளி.

ஒரு தடவை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதலில் ஓடிய கார்கள் காய்ந்த ரோட்டில் டயர் கிறீச்சிட ஏறின. அப்புறம் தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு பழைய மஞ்சள் கார் புறப்படும் நேரம் ரோடு எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரிப் பளபளத்தது. எங்களுக்கு நேரே இருந்த வளைவில் காரின் பின்பக்கம் சறுக்கி, சக்கரம் ஓரத்துப் புல்லைத் தொட்டு, ஓட்டியவர் பாடுபட்டு நேராக்கிக்கொண்டு மேலே போனார். அவருடைய பிரிவில் மற்றவர்கள் எல்லாரும் மழைக்கு முன்னாலேயே ஓடி முடித்திருந்தார்கள்.

“மாமா, அவருக்கு மட்டுந்தானே மழை பேஞ்சிச்சி. அவரு தோத்ததும் கணக்கா?” என்று கேட்டான் பையன்.

அது லேசான கேள்வியில்லை. காசு கொட்டிப் புரளும் போர்முலா 1 பந்தயத்திலேயே விதியை மாற்றி மாற்றி எழுதியும் இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. தகுதிச் சுற்று, ஸ்பிரிண்ட் என்று டீவியில் சொல்கிறார்களே, அவற்றைச் சுற்றி நடக்கும் சண்டை எல்லாம் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்.

முதலில், எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கண்டியிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு பஸ்ஸில் வருகிறீர்கள் என்று வையுங்கள். முன்னால் சீமெந்து ஏற்றிய லொறி ஒன்று முக்கி முக்கி ஏறுகிறது. வளைவுக்கு மேல் வளைவு. உங்கள் பஸ் புது பஸ்ஸாக இருக்கலாம், டிரைவர் கெட்டிக்காரராக இருக்கலாம். அந்த இடத்தில் எதுவும் எடுபடாது, லொறியின் வேகம்தான் பஸ்ஸின் வேகம். மொனாக்கோ தெருக்களில் நடக்கும் பந்தயம் முக்கால்வாசி இப்படித்தான். முன்னால் போகிறவர் தவறு செய்தால் ஒழிய முந்த முடியாது. மற்ற ஓடுபாதைகள் அகலமானவை. ஆனாலும் முன்னால் ஓடும் கார் கிளப்பிவிடும் கலங்கிய காற்றில் பின்னால் வருகிற காரின் பிடிப்புக் குறையும், டயர் சூடேறித் தேயும்.

புறப்படும் இடத்தில் கார்களை இரண்டு பக்கமாக, ஒன்றுக்கொன்று எட்டு மீட்டர் பின்தள்ளிக் கட்டம் கட்டமாக நிறுத்துவார்கள். இதைத்தான் கிரிட் என்கிறார்கள். முதல் கட்டத்துக்குப் பெயர் போல். 20-ஆவது கட்டத்தில் நிற்கிறவர் விளக்கு அணையும்போதே 150 மீட்டருக்கு மேல் பின்தங்கி இருக்கிறார், முன்னால் 19 கார்கள். அந்த வரிசையைத் தீர்மானிக்கத்தான் தகுதிச் சுற்று. தனியாக ஒரு சுற்றை யார் வேகமாக ஓடி முடிக்கிறார் என்று பார்த்து, அந்த நேர வரிசையில் ஞாயிற்றுக்கிழமை நிறுத்துவது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. சிக்கல் அந்த ஒரு சுற்றை எப்படி ஓட விடுவது என்பதில்தான்.

2003 முதல் 2005 வரை போர்முலா 1-இலும் மாகஸ்தோட்டை முறைதான் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு கார், ஒரு சுற்று, அவ்வளவுதான். யாரும் யாருக்கும் குறுக்கே வர முடியாது என்பதால் பார்க்க மிக நேர்மையான முறை. 2005-இல் ஓடும் வரிசையை முந்தைய பந்தய முடிவை வைத்துப் போட்டார்கள். போன தடவை வென்றவர் கடைசியாக ஓடுவார், வண்டி உடைந்து நின்றவர் ஆரம்பத்திலேயே ஓட வேண்டும். சாதாரண நாளில் கடைசியாக ஓடுவது லாபம். கார்கள் ஓட ஓட டயர் ரப்பர் பாதையில் படிந்து பிடிப்புக் கூடும், நேரம் குறையும். ஆக, போன வாரம் துரதிர்ஷ்டத்தில் நின்றவருக்கு இந்த வாரமும் தூசி படிந்த பாதை. ஒரே தவறுக்கு இரண்டு அடி.

அதே 2005-இல் ஜப்பானின் சுசூகா பாதையில் கதை தலைகீழாகியது. தகுதிச் சுற்றின்போது மழை வந்து, பின்னால் ஓட வேண்டியவர்களுக்கு வலுத்தது. அந்த வருடச் சாம்பியன் பெர்னாண்டோ அலோன்சோ 16-ஆவது, மைக்கல் ஷூமேக்கர் 14-ஆவது. போல் எடுத்தவர் ஷூமேக்கரின் தம்பி ரால்ஃப். மறுநாள் 17-ஆவது கட்டத்திலிருந்து புறப்பட்ட கிமி ரைக்கோனன் ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிச் சுற்றில் முதலிடத்தைப் பிடித்து வென்றார். அற்புதமான பந்தயம். எனக்கும் மிகப் பிடித்தது. ஆனால் பந்தயம் நன்றாக இருந்ததற்குக் காரணம், வரிசை தப்பாக இருந்தது! பார்க்கிறவனுக்கு ருசியும் ஓடுகிறவனுக்கு நியாயமும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை. பின்னால் ஸ்பிரிண்ட் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

என் அக்கா கொழுந்து எடுக்கிறவள். அவளுக்கு இதைச் சொன்னபோது எனக்கு முன்னால் புரிந்துகொண்டாள். மலையில் எந்த நிரை, அதாவது எந்தத் தேயிலை வரிசை, கிடைக்கிறது என்பதிலேயே பாதி நாள் தீர்ந்துவிடும். தளிர் விட்ட நிரை கிடைத்தவளுக்குக் கூடை தானாக நிறையும். பட்ட மரமும் வெற்றிடமுமாகக் கிடக்கிற நிரை கிடைத்தவள் எவ்வளவு கை வேகமாக இருந்தாலும் கிலோ குறைந்து அரைப்பேரில், அதாவது பாதிச் சம்பளத்தில், நிற்க நேரும். நிறுக்கும் இடத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. மழை நாளில் கொழுந்து நனைந்து கனக்கும் என்று தண்ணீருக்காகக் கிலோ கழிப்பார்கள். அந்தக் கழிவு கூடவா குறைவா என்ற சண்டை தனிக்கதை. ஆனாலும் நனைந்த கொழுந்தும் காய்ந்த கொழுந்தும் ஒன்றில்லை என்பதையாவது அந்தத் தராசு ஒத்துக்கொள்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியும் அப்படித்தான். கடினமான பாடத்துக்கும் சுலபமான பாடத்துக்கும் ஒரு சமன்பாடு போடுகிறது. கார்ப் பந்தயத்தில் இப்படி எந்தக் கழிவும் கிடையாது. ஈர ரோட்டில் ஓடிய நேரமும் காய்ந்த ரோட்டில் ஓடிய நேரமும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதப்படும்.

கழிவு போட முடியாது என்றால் வேறு வழி, எல்லாரையும் ஒரே நேரத்தில் ஓட விடுவது. மழை வந்தால் எல்லாருக்கும் வரட்டும். 2006-இல் வந்த வெளியேற்று முறை இந்த யோசனையில் பிறந்ததுதான், இன்றுவரை நிற்கிறது. மூன்று பகுதிகள். முதல் பகுதிக்கு 18 நிமிடம். அந்த நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம், டயர் இருக்கும் மட்டும் முயன்று பார்க்கலாம். நேரம் முடிந்ததும் கடைசியில் நிற்கிறவர்கள் கழற்றிவிடப்படுவார்கள். மிச்சப் பேரின் நேரங்களை அழித்துவிட்டு இரண்டாம் பகுதி. அதிலும் ஒரு கூட்டம் போகும். எஞ்சிய பத்துப் பேர் கடைசிப் பகுதியில் போலுக்கு மோதுவார்கள். 20 கார் இருந்தபோது ஐந்து ஐந்தாகக் கழற்றினார்கள். 2026-இல் 11-ஆவது அணியாகக் கடிலாக் சேர்ந்து 22 கார் ஆனதும் ஆறு ஆறாகிவிட்டது.

என் கணக்கில் இதுவரை வந்த முறைகளில் இதுதான் நல்லது. முதல் சுற்றில் சறுக்கினால் திருத்திக்கொள்ள இன்னொரு சுற்று இருக்கிறது. எப்போது வெளியே வருவது என்பது உங்கள் முடிவு. மழை வரப் போகிறதா என்று வானத்தைப் பார்ப்பதும் திறமையில் சேர்த்தி. இதை இன்னும் விறுவிறுப்பாக்குகிறோம் என்று 2016-இல் 90 செக்கனுக்கு ஒருவரை வெளியேற்றிப் பார்த்தார்கள். அவுஸ்திரேலியாவில் கடைசி நிமிடங்களில் பாதையில் ஒரு காரும் இல்லை. எல்லாரும் டயரை மிச்சம் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். பஹ்ரைனில் இன்னொரு தடவை முயன்றுவிட்டுத் தூக்கிப் போட்டார்கள்.

சேர்ந்து ஓடினால் சேர்ந்து கெடுக்கவும் முடியும். 2006 மொனாக்கோவில் மைக்கல் ஷூமேக்கர் கடைசி நிமிடத்தில் ரஸ்காஸ் வளைவில் காரை நிறுத்திவிட்டார். அவர்தான் அப்போது முதலிடம். பின்னால் வேகமாக வந்துகொண்டிருந்த அலோன்சோவின் சுற்று வீணாகியது. வேண்டுமென்றே செய்தது என்று நடுவர்கள் முடிவு செய்து, அவருடைய நேரங்களை எல்லாம் அழித்து வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். 2021-இல் அதே மொனாக்கோவில் சார்ள்ஸ் லெக்லேர் முதலிடத்தில் இருந்தபடியே வேலியில் மோதினார். சிவப்புக் கொடி விழுந்து, மற்றவர்களின் கடைசி முயற்சி அத்தோடு நின்றது. அது தெரியாமல் நடந்த விபத்து, அதனால் போல் அவருக்கே. (ஞாயிறன்று கிரிட்டுக்கு வரும் வழியில் காரின் அச்சு உடைந்து பந்தயத்தையே தொடங்கவில்லை, பாவம்.) அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில் இதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. வேண்டுமென்றோ தெரியாமலோ, சிவப்புக் கொடிக்குக் காரணமானவர் தன் சிறந்த நேரங்களை இழப்பார். மனதைத் தோண்டி நோக்கம் தேட வேண்டிய வேலை நடுவருக்கு இல்லை. போர்முலா 1-இலும் இது இருந்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

சரி, ஸ்பிரிண்டுக்கு வருவோம்.

ஸ்பிரிண்ட் என்பது சனிக்கிழமை நடக்கும் குட்டிப் பந்தயம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் வழக்கமாக 305 கிலோமீட்டர், ஸ்பிரிண்ட் 100. நடுவில் டயர் மாற்றக் கட்டாயம் இல்லை. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். இப்போது வெல்பவருக்கு 8 புள்ளி, எட்டாவதாக வருபவருக்கு 1. பெரிய பந்தயத்தில் வெற்றிக்கு 25. தூரமும் மூன்றில் ஒன்று, புள்ளியும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. இந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கேற்ற கூலி.

தகராறு அந்தக் குட்டிப் பந்தயத்தை எங்கே கொண்டுபோய்ச் செருகினார்கள் என்பதில். 2021-இல் அறிமுகமானபோது வெள்ளிக்கிழமைத் தகுதிச் சுற்று ஸ்பிரிண்டின் வரிசையைத் தீர்மானித்தது, ஸ்பிரிண்டின் முடிவு ஞாயிற்றுக்கிழமை வரிசையைத் தீர்மானித்தது. அதாவது, வெள்ளியன்று சம்பாதித்த இடத்தைச் சனியன்று திரும்பவும் பந்தயத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். அந்த வருடம் சில்வர்ஸ்டோனில் வெள்ளியன்று வேகமாக ஓடியவர் லூயிஸ் ஹமில்டன். ஸ்பிரிண்டை வென்றவர் மெக்ஸ் வெர்ஸ்டப்பன். ஏட்டில் போல் வெர்ஸ்டப்பனுக்கு எழுதப்பட்டது. வேகமான ஒற்றைச் சுற்றுக்குத்தானே போல் என்று பெயர் என ரசிகர்கள் கேட்டதில் தப்பில்லை. அடுத்த வருடம் ஏட்டை மட்டும் திருத்தினார்கள். போல் வெள்ளிக்கிழமைக்காரருக்கு, முதல் கட்டம் ஸ்பிரிண்ட் வென்றவருக்கு.

இந்தப் பிளவு எப்படி இருக்கும் என்று 2022 நவம்பரில் பிரேசிலில் பார்த்தோம். எங்களுக்கு அது நள்ளிரவு தாண்டிய நேரம். வெளியே அடைமழை, போனில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. சாவோ பாவுலோவிலும் வானம் கறுத்திருந்தது. கடைசிப் பகுதி தொடங்கும் முன் கெவின் மெக்னசனின் ஹாஸ் கார், பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே போய், பாதைக்குள் இறங்கும் வாசலில் முதல் ஆளாக நின்றது. நின்றதால் பாதை ஈரமாவதற்கு முன் நல்ல சுற்று ஒன்று கிடைத்தது. அடுத்த நிமிடம் ஜோர்ஜ் ரசல் சரளைக் கல்லில் சிக்கிக்கொள்ள, சிவப்புக் கொடி. கொடி விலகுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இனி யாரும் அந்த நேரத்தைத் தொட முடியாது. நூற்றுக்கும் மேற்பட்ட பந்தயங்கள் ஓடிய மெக்னசனுக்கும் அவருடைய சின்ன அணிக்கும் அதுதான் முதல் போல்.

மறுநாள் ஸ்பிரிண்ட். முதல் கட்டத்தில் புறப்பட்டவர் வேகமான கார்களிடம் ஒவ்வொன்றாக இடத்தைக் கொடுத்து எட்டாவதாக முடித்தார். ஒரு புள்ளி. வென்றது, முந்தின நாள் சரளையில் சிக்கிய அதே ரசல். ஞாயிறன்று ரசல் முதல் கட்டத்தில் நின்று அந்தப் பந்தயத்தையும் வென்றார். எட்டாவது கட்டத்தில் நின்ற மெக்னசன் முதல் சுற்றிலேயே இன்னொரு காரால் இடிபட்டு வெளியே போனார். இன்றைக்கும் ஏட்டைத் திறந்தால் போல் மெக்னசன் பெயரில்தான் இருக்கிறது. பெரிய பந்தயத்தின் முதல் கட்டத்தில் அவர் நிற்கவே இல்லை.

இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி சொல்வது: மழையின் தயவில் கிடைத்த இடம், ஸ்பிரிண்ட் அதைச் சரிசெய்து உண்மையான வேகத்தின் வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டது, இதுதான் நியாயம். கொஞ்ச நேரம் நானும் அப்படி நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். வானத்தைப் பார்த்து வாசலில் முதல் ஆளாய் நின்றது அதிர்ஷ்டம் மட்டுமா? பெரிய அணிகளுக்கும் அதே வானம், அதே வாசல். சின்ன அணிக்கு வருடம் முழுக்கக் காத்திருந்து இப்படி ஒரு நாள்தான் வாய்க்கும். அதன் பலனை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூட வைத்துக்கொள்ள விடாமல் நடுவில் 100 கிலோமீட்டர் ஓடச் சொன்னால், எந்த அதிர்ஷ்டமும் கடைசியில் வேகமான கார் வைத்திருப்பவர் வீட்டுக்கே போய்ச் சேரும். எனக்கு மெக்னசன் கட்சிதான்.

மறுபக்கமும் இருக்கிறது. 2021 பிரேசிலில் ஹமில்டனின் காரின் பின்சிறகு திறக்கும் இடைவெளி அனுமதித்த 85 மில்லிமீட்டரைத் துளி தாண்டியிருந்தது என்று தகுதிச் சுற்றிலிருந்து நீக்கினார்கள். ஸ்பிரிண்டைக் கடைசி இடத்தில் தொடங்கினார். 24 சுற்றில் ஐந்தாம் இடத்துக்கு வந்தார். எஞ்சின் மாற்றிய தண்டனைக்கு ஐந்து இடம் கழித்து, ஞாயிறன்று பத்தாவது கட்டத்திலிருந்து புறப்பட்டு வென்றார். வழக்கமான வாரமாக இருந்தால் ஞாயிறன்றே கடைசியில் நின்றிருப்பார். ஸ்பிரிண்ட் அவருக்கு ஏணி, மெக்னசனுக்குச் சறுக்குமரம். இரண்டு பேருக்கும் விதி ஒன்றுதான். வேகமான காரை அது தூக்கிவிடுகிறது.

2023-இல் புத்தி வந்தது. ஸ்பிரிண்டையும் ஞாயிற்றுக்கிழமையையும் பிரித்துவிட்டார்கள். ஸ்பிரிண்டுக்குத் தனியாக ஒரு குட்டித் தகுதிச் சுற்று, பெரிய பந்தயத்துக்குத் தனியாக ஒன்று. ஒன்றில் விழுந்தால் மற்றது கெடாது. ஆனால் ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இன்னொன்று பெரிதாகியது. மூன்று நாளில் இத்தனையையும் அடக்கினால் பயிற்சிக்கு நேரம் ஏது? வழக்கமான வாரத்தில் மூன்று பயிற்சி, ஒவ்வொன்றும் ஒரு மணிநேரம். ஸ்பிரிண்ட் வாரத்தில் ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் காரின் அமைப்பில் கை வைக்கக் கூடாது என்று பூட்டிவிடுவார்கள்.

அந்த வருடம் ஒக்டோபரில் அமெரிக்காவின் ஒஸ்டினில் இது வெடித்தது. மேடு பள்ளம் நிறைந்த பாதை. காரின் அடியில் ஒரு பலகை இருக்கும். 10 மில்லிமீட்டர் கனம், தேய்ந்து 9-க்குக் கீழே போகக் கூடாது. காரைத் தாழ்த்தி வைத்தால் வேகம் கூடும், பலகையும் தேயும். எவ்வளவு தேய்கிறது என்று நீளமாக ஓடிப் பார்க்க அணிகளுக்கு நேரமில்லை, தெரிந்த பிறகு உயர்த்தவும் அனுமதியில்லை. பந்தயம் முடிந்ததும் நான்கு கார்களைச் சோதித்தார்கள். இரண்டாவதாக வந்த ஹமில்டனும் ஆறாவதாக வந்த லெக்லேரும் பலகை தேய்ந்ததால் நீக்கப்பட்டார்கள். நான்கில் இரண்டு பிழை என்றால், சோதிக்காத மற்றக் கார்கள்? கேட்காமல் இருக்க முடியுமா?

2024-இல் அதையும் திருத்தினார்கள். வெள்ளியன்று பயிற்சியும் ஸ்பிரிண்ட் தகுதிச் சுற்றும், சனி முதலில் ஸ்பிரிண்ட், அது முடிந்ததும் பூட்டைத் திறந்து காரைச் சரிசெய்யலாம், அப்புறம் பெரிய பந்தயத்தின் தகுதிச் சுற்று. இந்த வடிவத்தில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஒரே ஒரு மணிநேரப் பயிற்சி என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. பாதையை ஏற்கெனவே பல வருடம் ஓடிப் பழகியவருக்கு அது போதும். அந்த ஊருக்கு முதல் தடவை வருகிற புதுப் பையனுக்குப் போதாது.

மோட்டார் சைக்கிள்களின் மோட்டோஜிபியில் இன்னும் சுருக்கமாக முடித்தார்கள். 2023 முதல் எல்லாப் பந்தய வாரத்திலும் சனிக்கிழமை பாதித் தூர ஸ்பிரிண்ட், ஏறத்தாழ பாதிப் புள்ளி. தகுதிச் சுற்று ஒன்றுதான், அந்த வரிசையிலேயே இரண்டு நாளும் நிற்பார்கள். மெக்னசன் அங்கே இருந்திருந்தால் ஞாயிறன்றும் முதல் கட்டம் அவருடையது. அதற்கு விலையும் உண்டு. சனி காலை ஒரு தடவை விழுந்தால் இரண்டு பந்தயமும் போச்சு. போர்முலா 2-இல் தகுதிச் சுற்றின் முதல் பத்துப் பேரைத் தலைகீழாகத் திருப்பி ஸ்பிரிண்டில் நிறுத்துகிறார்கள். பத்தாவது வந்தவர் முதல் கட்டத்தில். இளம் ஓட்டுநர்கள் முந்திப் பழகுவதற்கு அது நல்லதாக இருக்கலாம். அதைத் தகுதி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

இதையெல்லாம் பையனுக்குப் பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அந்த மஞ்ச கார்காரருக்கு என்னா செய்யலாம் மாமா?” என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்தான். ஒவ்வொருவராக ஏற வேண்டிய ரோட்டில் எல்லாரையும் சேர்த்து விட முடியாது. ஆளுக்கு இரண்டு ஓட்டம் கொடுத்து, இரண்டாவதில் வரிசையைத் திருப்பிப் போடலாம். மழைக்குப் பயந்தால் விடிகாலையிலேயே ஆரம்பிக்கலாம். அக்கா பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நிரையை மாத்திப் புடிக்கச் சொல்லு, அம்புட்டுத்தானே” என்றாள்.